எந்தப் பள்ளி பேசுகிறது?

(தஞ்சாவூர் மாவட்டத்தில், பள்ளிக் கணினி அறைப் பொறுப்பாசிரியர்களின் ஒருநாள் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பேசும் வாய்ப்பை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். வெளியே மழை, உள்ளே மின்விசிறி, வயிற்றில் சாம்பார் சாதம். வருடக்கணக்காக ஏழாவது பிரிவேளை எடுத்த பழக்கம் இருப்பதால் எனக்குப் பயமில்லை. கண் சொக்குகிறவர்கள் தாராளமாகச் சொக்கலாம், நான் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் கணினி ஆசிரியர் இல்லை. கணிதப் பட்டதாரி ஆசிரியை. பி.எட். படித்தபோது கணினியை இரண்டு முறை தொட்டிருப்பேன். எங்கள் பள்ளியில் கணினி அறையின் சாவி என்னிடம் வந்து சேர்ந்தது, அவ்வளவுதான். சாவி யாரிடம் இருக்கிறதோ அவரே பொறுப்பாசிரியர் என்பது நம் பள்ளிகளில் எழுதாத அரசாணை. அதனால் இன்று நான் சொல்லப்போவது ஒரு வல்லுநரின் விளக்கம் அல்ல. நான் செய்த ஒரு தவற்றின் கதை. அந்தத் தவற்றால் பிள்ளைகள் இழந்தது ஒன்று உண்டு. நீங்களும் அதே இடத்தில் சறுக்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

நாங்கள் ஐந்து பள்ளிகளைச் சேர்ந்த ஆசிரியர்கள். முன்னாள் மாணவர்கள் கொடுத்த பழைய கணினிகளில் நல்லதாக ஒன்றைப் பொறுக்கி, ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு சர்வராக வைத்தோம். இணையம் போனாலும் பாடக் காணொளிகளும் வினாத்தாள்களும் மாணவர்களின் செயல்திட்டங்களும் அறைக்குள்ளேயே கிடைக்க வேண்டும் என்பதுதான் எண்ணம். தலைமையாசிரியர்களிடம் அனுமதி வாங்கிச் செய்தோம். ஒரு பள்ளி வெண்ணாற்றுக் கரையில். ஒன்று ஒரத்தநாட்டுப் பக்கம். எங்கள் பள்ளி புது ஆற்றுக்குப் பக்கத்தில். இன்னொன்று பேராவூரணிக்குத் தெற்கே, கல்லணைக் கால்வாயின் கடைமடையில். தஞ்சாவூரிலிருந்து இரண்டு பேருந்து மாறிப் போக வேண்டும். ஐந்தாவது கும்பகோணம் சாலையில்.

ஐந்தையும் தினமும் போய்ப் பார்க்க முடியாது. சர்வர் ஓடுகிறதா, வட்டில் இடம் இருக்கிறதா, சூடேறுகிறதா என்று ஒரே இடத்தில் உட்கார்ந்து தெரிந்துகொள்ள வழி உண்டா என்று சென்னையில் வேலை பார்க்கும் எங்கள் முன்னாள் மாணவி ஒருத்தியிடம் கேட்டேன். "இது சின்ன வேலை, டீச்சர்" என்றாள். வாடகைக்கு எடுத்த ஒரு சிறிய சர்வரில் ஜாபிக்ஸ் என்ற கட்டற்ற மென்பொருளை நிறுவிக் கொடுத்தாள். திரையில் ஐந்து வரிகள். ஓடினால் பச்சை. நின்றால் சிவப்பு.

சின்ன வேலைதான். ஆனால் முதல் நாளே ஒரு கேள்வியில் முட்டிக்கொண்டோம். அங்கிருந்து பார்க்கும்போது எது எந்தப் பள்ளி?

எங்கள் பள்ளிச் சர்வரின் முகவரி 192.168.1.10. குறித்து அனுப்பினேன். வெண்ணாற்றுக்கரை சாரும் அனுப்பினார்: 192.168.1.10. ஒரத்தநாட்டு டீச்சரும் அதே எண். நான் அவர்கள் என்னைப் பார்த்து எழுதிவிட்டார்கள் என்று நினைத்தேன். தேர்வறையில் நிற்கிற புத்தி எங்கே போகும்! ஆனால் யாரும் காப்பி அடிக்கவில்லை. ஐந்தில் நான்குக்கு உண்மையிலேயே அதுதான் முகவரி.

இதை இப்படிப் பாருங்கள். நம் பக்கத்தில் மேலத்தெரு இல்லாத ஊர் உண்டா? மேலத்தெரு, 10ஆம் எண் வீடு என்றால் அந்த ஊர்த் தபால்காரருக்குப் போதும். தஞ்சாவூர் தலைமை அஞ்சலகத்தில் போய் அதை மட்டும் சொன்னால் சிரிப்பார்கள். ஊர்ப் பெயர் வேண்டும், 1972இல் வந்த அஞ்சல் குறியீட்டு எண் வேண்டும். 192.168 என்று தொடங்கும் முகவரிகளெல்லாம் மேலத்தெரு முகவரிகள். ஊருக்குள் செல்லும், ஊருக்கு வெளியே செல்லாது. இப்படி யார் வேண்டுமானாலும் உள்ளே பயன்படுத்திக்கொள்ளலாம் என்று மூன்று வரிசைகளை ஒதுக்கி 1996 பிப்ரவரியில் ஓர் ஆவணம் வந்தது. 10இல் தொடங்குவது ஒரு வரிசை, 172.16 முதல் 172.31 வரை ஒன்று, 192.168 ஒன்று. முதல் வரிசையில் 1,67,77,216 முகவரிகள், கடைசி வரிசையில் 65,536.

ஏன் இப்படிச் செய்தார்கள் என்பது கணிதக்காரிக்குப் பிடித்த இடம், ஒரு நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள். பழைய வகை இணைய முகவரி 32 இரும இலக்கங்களால் ஆனது. 2இன் அடுக்கு 32 என்றால் 429 கோடியே 49 லட்சத்துச் சொச்சம். உலகத்தில் ஆளுக்கு ஒன்று கூட வராது. 2011 பிப்ரவரி 3ஆம் தேதி உலக மையக் கையிருப்பின் கடைசிப் பகுதிகளும் வட்டாரப் பதிவகங்களுக்குப் பங்கிடப்பட்டன. நம் ஆசிய-பசிபிக் பதிவகம் அதே ஆண்டு ஏப்ரலில் கடைசித் தொகுப்புக்கு வந்து, அளந்து கொடுக்கத் தொடங்கிவிட்டது. மேட்டூரில் நீர்மட்டம் இறங்கினால் முறைவைத்துத் திறப்பது போல.

அதனால் ஒரு பள்ளிக்கு, ஒரு வீட்டுக்கு, வெளியே செல்லுபடியாகும் பொது முகவரி ஒன்றே ஒன்று. அதுவும் ரூட்டருக்குத்தான். உள்ளே இருக்கும் 20 கணினிகளும் அந்த ஒன்றைப் பகிர்ந்துகொள்கின்றன. இதற்கு நெட்வொர்க் அட்ரஸ் டிரான்ஸ்லேஷன் என்று பெயர், சுருக்கமாக நாட். 1994இல் ஆவணமாக வந்தபோது, முகவரித் தட்டுப்பாட்டுக்கு ஒரு தற்காலிகத் தீர்வாகத்தான் சொன்னார்கள். தற்காலிகம் என்று தொடங்கிய எதுவும் நம் நாட்டில் மட்டும்தான் நிரந்தரமாகும் என்று நினைக்காதீர்கள்.

ரூட்டர் என்ன செய்கிறது? நம் அலுவலக இளநிலை உதவியாளர் செய்வதைச் செய்கிறது. நீங்கள் ஒரு விண்ணப்பம் கொடுக்கிறீர்கள். அவர் அதில் பள்ளி முத்திரை வைத்து, ந.க. எண் போட்டு, பதிவேட்டில் "இந்த எண், இந்த ஆசிரியருடையது" என்று குறித்துக்கொண்டு அனுப்புகிறார். பதில் வரும்போது "பார்வை" என்று போட்டு அந்த ந.க. எண் இருக்கும். பதிவேட்டைப் பார்த்து உங்கள் மேசைக்குக் கொடுத்துவிடுவார். ரூட்டரின் ந.க. எண்ணுக்குப் போர்ட் எண் என்று பெயர். 16 இரும இலக்கங்கள். பொது முகவரியும் போர்ட் எண்ணும் சேர்ந்துதான் பதில் உள்ளே யாருக்கு என்று தீர்மானிக்கிறது. பார்வை எண் இல்லாமல் வெளியிலிருந்து தானாக ஒரு கடிதம் வந்தால்? யாருக்கு என்று தெரியாது. குப்பைத் தொட்டி. பதிவேட்டுக் குறிப்பும் நிரந்தரமில்லை. கொஞ்ச நேரம் பேச்சு இல்லாவிட்டால் ரூட்டர் அதை அழித்துவிடும்.

இதிலிருந்து இரண்டு விஷயம் கிடைக்கிறது. வெளியிலிருந்து பள்ளிச் சர்வரைக் கூப்பிட முடியாது, சர்வர்தான் வெளியே கூப்பிட வேண்டும். கூப்பிட்டாலும் உறையின் மேல் பள்ளி முத்திரைதான் தெரியும், யார் எழுதினார்கள் என்று உறையில் தெரியாது.

"சரி, பள்ளி முத்திரையை வைத்தே கண்டுபிடிக்கலாமே, பள்ளிக்கு ஒரு சர்வர்தானே?" என்று நானும் கேட்டேன். அப்படித்தான் முதல் வாரம் வைத்தோம். பொது முகவரியைப் பார்த்துப் பள்ளிப் பெயர் எழுதினோம். புதன்கிழமை மின்சாரம் போய் வந்தது. மோடம் அணைந்து எழுந்ததும் ஒரத்தநாட்டுப் பள்ளிக்கு வேறு பொது முகவரி வந்துவிட்டது. நம் ஊரில் மின்சாரம் எத்தனை முறை போய் வரும், எத்தனை முறை பெயரை மாற்றி எழுதுவது? இன்னொரு கூத்தும் நடந்தது. இரண்டு பள்ளிகளில் சிம் போடும் ரூட்டர், இரண்டும் ஒரே நிறுவனத்துச் சிம். ஒருநாள் இரண்டுமே ஒரே பொது முகவரியிலிருந்து வந்தன. நடுவில் நூறு ஊர் இருக்கிறது, முகவரி ஒன்று.

இது எப்படி என்றால், நம் விண்ணப்பம் "உரிய வழியாக"ப் போவது போல. பள்ளி முத்திரை வைத்தது வட்டார அலுவலகம் போகும், அங்கே ஒரு எண், அங்கிருந்து மாவட்டம், அங்கே இன்னொரு எண். கைபேசி நிறுவனங்கள் ஆயிரக்கணக்கான இணைப்புகளை ஒரு பொது முகவரிக்குப் பின்னால் வைக்கின்றன. இப்படி நடுவில் பயன்படுத்துவதற்கென்றே 2012இல் 100.64 என்று தொடங்கும் ஒரு வரிசையை ஒதுக்கினார்கள். உங்கள் ரூட்டர் பக்கத்தைத் திறந்து, வெளி முகவரி 100.64க்கும் 100.127க்கும் இடையில் இருந்தால் நீங்கள் இரட்டைப் பூட்டுக்குள் இருக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ளலாம். நம் பக்க ரூட்டரில் ஒரு கதவைத் திறந்து வைத்து வெளியிலிருந்து உள்ளே வரச் செய்யும் உத்தி ஒன்று உண்டு, போர்ட் ஃபார்வர்டிங் என்பார்கள். இரட்டைப் பூட்டில் அது நடக்காது. நடக்கிற இடத்திலும் செய்யாதீர்கள். பிள்ளைகள் இருக்கிற கட்டடத்தில் தெருக்கதவைத் திறந்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போவதுபோல அது.

இன்னொன்று. பொது முகவரிக்கு "இருக்கிறாயா?" என்று கேட்டால், பல நேரம் "இருக்கிறேன்" என்று பதில் வரும். சொல்வது மோடம். உள்ளே சர்வர் செத்துக் கிடந்தாலும் மோடம் சொல்லும். கல்லணையில் இத்தனை ஆயிரம் கனஅடி திறந்தார்கள் என்று பேப்பரில் தினமும் வருகிறது. அதை வைத்துக் கடைமடை வயலில் தண்ணீர் ஏறியதா என்று சொல்ல முடியுமா? தலைமதகில் அளந்தது தலைமதகின் அளவு. பேராவூரணிக்காரரைக் கேட்டால் வேறு கணக்கு சொல்வார்.

ஆக, இடத்தை வைத்து ஆளை அடையாளம் காண முடியாது என்று புரிந்தது. சர்வரே உள்ளேயிருந்து நிமிடத்துக்கு ஒருமுறை வெளியே கூப்பிட்டு, "நான் இன்னார், என் நிலை இது" என்று சொல்ல வேண்டும். ஜாபிக்ஸில் இதற்கு வசதி இருக்கிறது. கண்காணிக்கப்படும் இயந்திரத்தில் ஒரு சிறிய நிரல் இருக்கும், அதை முகவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முகவர் இரண்டு விதமாக வேலை செய்யும். மையம் கேட்கும்போது பதில் சொல்வது ஒன்று. தானே மையத்தின் 10051ஆம் போர்ட்டுக்குப் போய்ச் சொல்வது இன்னொன்று. நமக்கு இரண்டாவதுதான் சரிப்படும். அதில் மையம் பார்ப்பது முகவரியை அல்ல, முகவர் சொல்லும் பெயரை. பெயர் பட்டியலில் உள்ள பெயரோடு எழுத்துக்கு எழுத்துப் பொருந்த வேண்டும்.

என்ன பெயர் வைப்பது? வலையட்டையில் பொறித்திருக்கும் எண்ணை வைக்கலாம் என்றார் ஒருவர். அட்டை கெட்டு மாற்றினால் எண் மாறிவிடும். இயந்திரத்தின் வரிசை எண்ணைப் படித்துப் பார்த்தோம். உதிரிபாகம் வாங்கிச் சேர்த்த கணினிகளில் அந்த இடத்தில் "உற்பத்தியாளர் நிரப்ப வேண்டியது" என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. நிரப்பவே இல்லை. மூன்று பள்ளிகளில் ஒரே வாசகம்! கடைசியில் நம் கையிலேயே இருந்த ஒன்றை எடுத்தோம். பள்ளியின் 11 இலக்க யுடைஸ் எண். 33 என்று தமிழ்நாட்டில் தொடங்கி மாவட்டம், வட்டாரம் என்று இறங்கிப் பள்ளியில் முடிகிற எண். கட்டடம் மாறினாலும் மோடம் மாறினாலும் சிம் மாறினாலும் அது மாறாது. அதற்குப் பின்னால் ஒரு கோடு போட்டு, சர்வர் 1 என்று எழுதினோம். நாளைக்கு இரண்டாவது சர்வர் வரலாம் இல்லையா.

ஐந்து வரிகளும் பச்சையாக நின்றன. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பார்க்கிறவர்களுக்கெல்லாம் கைபேசியில் காட்டினேன்.

இப்போது என் தவறு.

அந்த ஆண்டு செப்டம்பரில் வெண்ணாற்றுக்கரைப் பள்ளியின் வட்டு கெட்டுப்போனது. நான்தான் போனேன். ஒவ்வொரு சர்வரையும் புதிதாக நிறுவ ஒருநாள் ஆகும் என்பதால், தயாரான ஒரு வட்டை அப்படியே நகல் எடுத்து வைத்திருந்தேன். கடைசியாக அமைத்தது கடைமடைப் பள்ளி, அதனால் என் கையிலிருந்தது அந்த நகல். புது வட்டில் அதை இறக்கினேன். முகப்புப் பக்கத்தில் பள்ளிப் பெயரை மாற்றினேன். கணினியின் பெயரை மாற்றினேன். பிள்ளைகளை உட்கார வைத்துக் காணொளி ஓட்டிப் பார்த்தேன். ஐந்தே முக்கால் பேருந்தைப் பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன். முகவரின் அமைப்புக் கோப்பில் இருந்த 11 இலக்கத்தை மாற்றவில்லை.

என்ன நடந்திருக்கும்? வகுப்பில் நமக்குப் பழக்கமான ஒன்றுதான். ஒரு பையன் வரவில்லை. கடைசி பெஞ்சிலிருந்து இன்னொருவன் குரல் மாற்றி "உள்ளேன் டீச்சர்" என்கிறான். நாம் பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்காவிட்டால் அவன் வந்திருக்கிறான்.

வெண்ணாற்றுக்கரைச் சர்வர் கடைமடையின் பெயரில் பேசத் தொடங்கியது. கடைமடைச் சர்வரும் அதே பெயரில் பேசியது. மையத்துக்கு இரண்டும் ஒரே ஆள். வெண்ணாற்றுக்கரை வரி சிவப்பானது. அந்தப் பள்ளி சாருக்குப் போன் செய்தேன். "என்னங்க டீச்சர், இங்க நல்லாத்தானே ஓடுது, பிள்ளைங்க பார்த்துக்கிட்டு இருக்காங்க" என்றார். அவர் சொன்னது உண்மை. நான் பட்டியலுக்குப் பக்கத்தில் "நெட் கோளாறு" என்று எழுதி வைத்தேன். சிவப்பைப் பார்த்துப் பார்த்துக் கண்ணுக்குப் பழகிவிட்டது. பச்சையைப் பற்றி யாராவது சந்தேகப்படுவார்களா?

ஐப்பசி மழை தொடங்கியது. கடைமடைப் பள்ளியில் சுவரோரம் ஒழுகி, யு.பி.எஸ். பழுதாகிவிட்டது. அதன் பிறகு மின்சாரம் போகும்போதெல்லாம் சர்வர் சட்டென்று அணைந்து, வந்ததும் எழுந்திருக்கிறது. நாளைக்கு எத்தனை முறையோ. அந்தப் பள்ளிப் பொறுப்பாசிரியருக்கு அப்போது உடல்நிலை சரியில்லை, மருத்துவ விடுப்பு. அறை பூட்டியே இருந்தது. எங்கள் திரையில் அந்த வரி ஒரு நிமிடம்கூடச் சிவப்பாகவில்லை. வெண்ணாற்றுக்கரைச் சர்வர் இரண்டு பேருக்கும் சேர்த்து "உள்ளேன்" சொல்லிக்கொண்டிருந்தது. 17 நாள் கழித்து அவர் வந்து கதவைத் திறந்தபோது வட்டு போயிருந்தது.

அந்த வட்டில் என்ன இருந்தது என்று சொல்ல வேண்டும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் தாத்தா பாட்டிகளைப் பேச வைத்துப் பதிவு செய்திருந்தார்கள். மாப்பிள்ளைச் சம்பா, பூங்கார், காட்டுயானம் என்று அந்தப் பக்கம் பயிரிட்ட நெல் ரகங்கள், எந்த ரகம் எத்தனை நாள் தண்ணீரில் நிற்கும், எதை யாருக்குச் சமைத்துக் கொடுப்பார்கள், நடவில் என்ன பாடுவார்கள். 43 பதிவுகள். சர்வரில் ஏற்றியாகிவிட்டது என்ற நம்பிக்கையில் பல வீடுகளில் கைபேசியில் இடம் வேண்டும் என்று அழித்துவிட்டார்கள். வேறு இடத்தில் நகல் வைக்காதது தனித் தவறு, அதுவும் என் கணக்கில்தான். மீண்டும் பதிவு செய்யப் பிள்ளைகள் போனார்கள், 28 கிடைத்தன. நடவுப் பாட்டு பாடிய ஒரு பாட்டி தைப் பொங்கலுக்கு முன்பே காலமாகிவிட்டார். அவர் பேத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "வேற எதிலயாச்சும் இருக்கும்ல டீச்சர்?" என்று கேட்டாள். வட்டை மீட்டுத் தரும் கடை வரை கொண்டுபோய்ப் பார்த்தோம். கிடைக்கவில்லை.

முதல் இரண்டாம் நாளே அந்த வரி அணைந்து அணைந்து எழுவதைத் திரை காட்டியிருந்தால், யாராவது ஒருவர் போய் வட்டைக் கழற்றி எடுத்து வந்திருப்போம்.

காரணத்தைக் கண்டுபிடித்தது என் மாணவிதான். பழைய வரைபடங்களைத் திறந்து, "டீச்சர், இது வட்டின் காலியிடம். வரைகோட்டைப் பாருங்க" என்றாள். 212, 91, 212, 91 என்று ஜிகாபைட் கணக்கு ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கியது. காலியிடம் நிமிடத்துக்கு ஒருமுறை நூறு ஜிகாபைட் கூடிக் குறையுமா? எந்த நேரத்தில் இயந்திரம் எழுந்தது என்ற எண்ணும் இரண்டு மதிப்புகளுக்கு இடையே தாவிக்கொண்டிருந்தது. ஒரே ஆள் ஒரே நேரத்தில் இன்று காலையும் ஒன்பது நாள் முன்பும் எழுந்திருக்க முடியாது. இரண்டு பேர் ஒரு பெயரில் பேசுகிறார்கள். இத்தனை நாளும் இது திரையிலேயே இருந்திருக்கிறது. கணித ஆசிரியையான நான் வரைபடத்தைப் பார்க்காமல் நிறத்தை மட்டும் பார்த்திருக்கிறேன்.

பிறகு மாற்றியவற்றைச் சொல்கிறேன். ஒவ்வொரு பள்ளிக்கும் பெயரோடு ஒரு ரகசியச் சாவியும் கொடுத்தோம். ஜாபிக்ஸில் 3.0 பதிப்பிலிருந்து அந்த வசதி உண்டு. இயந்திரமும் மையமும் மட்டும் அறிந்த நீண்ட எண் அது, பேச்சையும் மறையாக்கி அனுப்பும். யுடைஸ் எண் ஊரறிந்தது, யாரும் தவறுதலாகத் தட்டலாம், ஓர் இலக்கம் மாறினால் அடுத்த பள்ளி. சாவி அப்படித் தவறுதலாகப் பொருந்தாது. ஆனால் என் மாணவி ஒன்றை அழுத்திச் சொன்னாள்: வட்டை நகல் எடுத்தால் சாவியும் சேர்ந்தே நகலாகும். என் தவற்றைச் சாவி மட்டும் தடுத்திருக்காது. அதனால் நகல் வட்டில் பெயரும் சாவியும் வைப்பதில்லை. அந்த இடம் காலி. காலியாக இருந்தால் முகவர் யார் பெயரிலும் பேசாது, நிறுவுகிறவர் கையால் நிரப்பியே ஆக வேண்டும். சாவி ஒட்டிய உறையில் தலைமையாசிரியரின் பீரோவில் இருக்கிறது.

இயந்திரம் எழுந்த நேரம் ஒரு மணி நேரத்தில் இரண்டு முறைக்கு மேல் மாறினால் எச்சரிக்கை வரும்படி செய்தோம். ஒன்று, இருவர் ஒரு பெயரில் பேசுகிறார்கள். அல்லது இயந்திரம் விழுந்து விழுந்து எழுகிறது. இரண்டுமே நாம் போக வேண்டிய விஷயங்கள். பத்து நிமிடம் பேச்சு இல்லாவிட்டால் சிவப்பு என்பது முன்பே இருந்தது. பொது முகவரியையும் இப்போது குறித்து வைக்கிறோம். பெயராக அல்ல, சாட்சியாக. கடைமடையின் பெயர் திடீரென்று வேறு நிறுவனத்தின் முகவரியிலிருந்து வந்தால் ஒரு போன் போட்டுக் கேட்கலாம்.

சிலர் எல்லாப் பள்ளிகளையும் ஒரே தனிவழியில், வி.பி.என்.னில் இணைத்துவிடலாமே என்பார்கள். செய்யலாம். ஆனால் எல்லாப் பள்ளியும் 192.168.1 ஆக இருந்தால் உள்ளே முட்டிக்கொள்ளும். நான்கு மேலத்தெருவை ஒரே ஊராக்கினால் தபால்காரர் என்ன செய்வார்? முதலில் பள்ளிக்கு ஒரு வரிசையாகப் பிரிக்க வேண்டும். புதிய வகை முகவரி, 128 இரும இலக்கத்து ஐ.பி. 6 வந்தால் தட்டுப்பாடே இருக்காது என்பதும் உண்மை. அப்போதும் இணைப்பு மாறினால் முகவரி மாறும். வீடு மாறியவரை வீட்டு எண்ணால் தேட முடியாது.

பெண் பிள்ளைகளின் பெயர், மதிப்பெண், படம் எதுவும் இந்த வழியில் வெளியே போகக் கூடாது என்பதில் நாங்கள் கண்டிப்பாக இருக்கிறோம், ஆண் பிள்ளைகளுக்கும் அதே. இயந்திரத்தின் நலம் மட்டும் போகட்டும்.

எல்லாவற்றையும்விட எனக்கு நம்பிக்கை தந்தது ஒரு சின்னச் சோதனை. பருவத்துக்கு ஒருமுறை, ஒவ்வொரு பள்ளியும் முறைவைத்துச் சர்வரின் இணையக் கம்பியைக் கால் மணி நேரம் பிடுங்க வேண்டும். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பிடுங்கிய பள்ளியின் வரி சிவப்பாக வேண்டும், வேறு எதுவும் ஆகக் கூடாது. கேள்வித்தாளே தேவையில்லாத தேர்வு. போன பருவத்தில் ஒரு பள்ளியில் கம்பியைப் பிடுங்கி இருபது நிமிடமாகியும் பச்சையாகவே நின்றது. எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. விசாரித்தால், அவர் பிடுங்கியது அச்சுப்பொறியின் கம்பி.

காலையில் பதிவு செய்யும்போது ஒரு சார் கேட்டார், சர்வர் கெட்டு வேறு இயந்திரம் வைத்தால் பழைய பெயரா, புதுப் பெயரா என்று. பள்ளியும் வேலையும் அதேதான் என்றால் பழைய பெயர், புதுச் சாவி. பழைய இயந்திரத்தைப் பரணில் போடுவதற்கு முன் அதிலிருக்கும் பெயரை அழித்துவிடுங்கள். யாராவது எடுத்து மின்சாரம் கொடுத்தால் அது மறுபடி "உள்ளேன்" என்று தொடங்கிவிடும். மாற்றிய தேதியையும், யார் மாற்றினார் என்பதையும் இருப்புப் பதிவேட்டில் எழுதுங்கள். சர்வரின் நெற்றியில் 11 இலக்கத்தை ஸ்டிக்கரில் எழுதி ஒட்டுங்கள். அடுத்த முறை அமைப்புக் கோப்பைத் திறக்கிறவர் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் உதவும். நான் ஸ்டிக்கர் அட்டை கொண்டு வந்திருக்கிறேன், மேசை மேல் இருக்கிறது. ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். தேநீர் வந்துவிட்டது.